ஐந்நூற்றிரண்டாம் வீட்டுச் சைக்கிள்

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டேன். ராத்திரி மணி ஏழு ஐம்பது. அப்போதுதான் படுத்திருந்தேன். கூரைக்கு மேலே மாவு மில் ஓடுவதுபோல் ஒரு உறுமல். சத்தத்தையாவது தலையணையால் காதை மூடிக்கொண்டு சமாளிக்கலாம், அதிர்வை என்ன செய்வது? சுவர் வழியாக இறங்கி, தரை வழியாக ஏறி, என் பல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் சுஞ்சோன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். காலை முதல் வண்டி என்னுடையது. மூன்று நாற்பதுக்கு எழுந்தால்தான் நேரத்துக்கு டெப்போ போய்ச் சேர முடியும். எட்டு மணிக்குள் தூங்கிவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையில் வண்டி ஓட்டுகிறவன் தூங்காமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் காவலாளியிடம் சொன்னேன். அவர் மேல்வீட்டுக்கு போன் போட்டார். இரண்டு நாள் அமைதி. மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்குப் பைஜாமாவோடு மாடி ஏறிவிட்டேன்.

"போகாதீங்க," என்றாள் என் மனைவி சுன்ஹீ. "எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்க குறட்டைக்கு அது எவ்வளவோ தேவல."

ஐந்நூற்றிரண்டின் கதவை முஷ்டியால் இடித்தேன். உறுமல் மெதுவாகத் தணிந்து நின்றது. கதவு திறந்தது.

நாற்பது, நாற்பத்திரண்டு வயதுப் பெண். வெளியே பனி உறைந்துகொண்டிருந்தது. அவள் வீட்டு ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தது. அவள் கையில்லாத பனியனில் நின்றாள். தலையிலிருந்து வியர்வை சொட்டியது. தோளிலிருந்து ஆவி கிளம்பியது, சோற்றுப் பானை மூடியைத் திறந்ததுபோல. அவளுக்குப் பின்னால் கூடத்தின் நடுவில் ஒரு சைக்கிள். பின்சக்கரம் இல்லை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு எந்திரம் தரையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, மனுஷன் தூங்க வேணாமா?"

"மணி எட்டுகூட ஆகல சார்."

"எனக்கு எட்டுதான் நடுராத்திரி. நான் பஸ் டிரைவர்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முகம் மாறியது.

"நுரும் கணவாய் வழியா போற பஸ்ஸா?"

"ஆமா."

"அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, கணவாய்ல சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஒருத்தி போனா. பின்னாடியே வந்து விடாம ஹாரன் அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஒரு சைக்கிள் கூட்டம் முன்னால் போய்விட்டிருந்தது. கடைசியாக ஒரு பெண் மட்டும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் கோணல்மாணலாக நடந்துகொண்டிருந்தாள். வளைவில் அவளைத் தாண்ட முடியவில்லை. ஹாரன் அடித்தேன். விடாமல்தான் அடித்தேன். மலைரோட்டில் சைக்கிள்காரர்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. எந்தப் பஸ் டிரைவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"நீதானா அது?"

"நான்தான். அன்னைக்கு நீங்க என்னை நிம்மதியா நடக்க விடல. இன்னைக்கு ஓட்டவும் விடமாட்டேங்கறீங்க. கணக்கு சரியாத்தான் இருக்கு."

கதவைச் சாத்திவிட்டாள். என் முகத்துக்கு நேராக.

மறுநாள் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த மேலாளர், இந்த மாதிரிப் புகார் தினமும் வருகிறது, முறைப்படி சமரசத்துக்குப் போக வேண்டுமானால் சத்தம் வரும் நாள், ஆரம்பிக்கும் நேரம், நிற்கும் நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். ஒரு நோட்டு வாங்கினேன். அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தேன். வெறுப்போடுதான் எழுதினேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஆரம்பிக்கும் நேரத்தை ஆறரைக்குக் கொண்டுவந்தாள். எந்திரத்துக்கு அடியில் ரப்பர் பாய் போட்டாள், பிறகு இன்னொன்று போட்டாள். காவலாளி மூலம் ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சு அனுப்பினாள். சுன்ஹீ வாங்கிக்கொண்டாள். நான் தொடவில்லை. சத்தம் பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒருமுறை காதில் விழுந்த சத்தத்தைக் காது தானாகத் தேட ஆரம்பித்துவிடும். ஆறு இருபத்தைந்துக்கே கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன்.

எழுதிக்கொண்டே வந்ததில் ஒன்று புரிந்தது. அவள் சும்மா மிதிக்கவில்லை. முதல் பத்து நிமிஷம் ஈ பறப்பதுபோல் சன்னமாக ஓடும். பிறகு நான்கு நிமிஷம் எந்திரம் அலறும். மூன்று நிமிஷம் தணியும். மறுபடி நான்கு நிமிஷம். ஐந்து முறை இப்படி. வியாழக்கிழமைகளில் அலறல் கிடையாது, ஒன்றேகால் மணி நேரம் ஒரே சீரான முனகல். திங்களும் வெள்ளியும் ஓய்வு. கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கலாம், அவ்வளவு ஒழுங்கு.

ஆரம்பத்தில் ஐந்தாவது அலறல் ஒருநாளும் முழுதாக வராது. இரண்டாவது நிமிஷத்திலேயே தொண்டை அடைத்ததுபோல் இறங்கிவிடும். டிசம்பர் கடைசியில் ஐந்தாவதும் முதலாவதும் ஒரே சுருதியில் ஒலித்தன. ஜனவரியில் நான்கு நிமிஷம் எட்டாயிற்று. பிறகு இருபது நிமிஷ அலறல், இடைவெளி, இன்னொரு இருபது. "இன்னிக்கு ரெண்டாவது இருபது முழுசா போட்டுட்டா," என்று ஒருநாள் நானே என்னை மறந்து சொல்லிவிட்டேன். சுன்ஹீ சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒருநாள் குப்பை பிரிக்கும் இடத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். அவள் பெயர் கூ சோனா என்று தெரிந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. குளிர்காலத்தில் மீட்டர் மூடியெல்லாம் உறைந்துபோகும், கம்பியால் நெம்பித் திறக்க வேண்டும். கைவிரல்கள் வெடித்துக் கிடந்தன. புருஷன் தெற்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார்.

"அப்படி என்னம்மா இதுல ஒரு வெறி உனக்கு?" என்று கேட்டேன். கேட்டது அக்கறையில் இல்லை.

"அக்டோபர்ல மேல போய்ச் சேந்தப்ப எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள். "எங்க கிளப் தலைவர் ப்யோ கிதே, அத்தனை பேரு முன்னாடியும் வாட்சைக் காட்டினான். 'அக்கா, உங்களால பதினாலு பேருக்கு அரை மணி நேரம் போச்சு. ஏரியைச் சுத்தி ஓட்டுங்க, கூடை வெச்ச சைக்கிள்ல'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதான் தாங்க முடியல. நான் ஏன் சிரிச்சேன்?"

பிளாஸ்டிக் பாட்டிலை மிதித்து நசுக்கித் தொட்டியில் எறிந்தாள்.

"ரோட்டுலயே ஓட்டிப் பழக வேண்டியதுதானே?"

"மைனஸ் பதினஞ்சுல எங்க போய் ஓட்டறது? ரோடெல்லாம் ஐஸ். அதுவுமில்லாம ரோட்டுல சிக்னல் வரும், இறக்கம் வரும், கால் சும்மா நிக்கும். இந்த எந்திரத்துல ஒரு நிமிஷம்கூடக் கால் நிக்காது. ஒரு மணி நேரம்னா முழுசா ஒரு மணி நேரம். ஏமாத்த முடியாது."

ஏமாற்ற முடியாது என்றாள். அந்தச் சொல்லை வைத்தேதான் பிப்ரவரியில் அவளை அடித்தார்கள்.

அவர்கள் கிளப்பில் குளிர்காலப் போட்டி ஒன்று உண்டு. அவரவர் வீட்டில் எந்திரத்தில் ஓட்டுவார்கள், இணையத்தில் எல்லாரும் ஒரே மலையில் ஏறுவதுபோல் திரையில் தெரியும். யார் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறார்கள் என்பதையும் அவர்கள் எடையையும் வைத்து வேகத்தைக் கணக்குப் போடும். ஆறு வாரப் போட்டி. முதல் எட்டுப் பேருக்கு ஜூன் மாத மலைப்பந்தயத்தில் கிளப் அணியில் இடம். சோனா மூன்றாவதாக வந்தாள். கிதே ஒன்பதாவது.

முடிவு வெளியான நாள் மாலை மேலே தடாலென்று ஏதோ விழுந்தது. பிறகு எந்திரம் ஓட ஆரம்பித்தது. நோட்டில் இல்லாத ஓட்டம் அது. இடைவெளி இல்லை, தணிப்பு இல்லை, அலறல் மட்டும். அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி. வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஓய்வு நாள். ஏதோ சரியில்லை என்று புரிந்தது. ஆனாலும் கோபமாகத்தான் மாடி ஏறினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்காமலே போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"படிங்க."

கிளப்பின் குழுவில் கிதே எழுதியிருந்தான். கூ சோனாவின் முடிவு நம்பும்படி இல்லை. அக்டோபரில் வண்டியைத் தள்ளியவர் நான்கு மாதத்தில் இப்படி ஏற முடியாது. எடையைக் குறைத்துப் போட்டிருக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து வீடியோ அனுப்பட்டும்.

அவள் அனுப்பியிருந்தாள். மீட்டர் பார்த்துவிட்டு வந்த சீருடையைக்கூட மாற்றாமல், எடைக் கருவியில் ஏறி நின்று, கால் விரலிலிருந்து எண் வரைக்கும் காட்டியிருந்தாள். ஐம்பத்தெட்டு கிலோ நானூறு. அவள் போட்டியில் போட்டிருந்தது ஐம்பத்தெட்டரை. அதற்குக் கீழே யாரோ குலுங்கிச் சிரிக்கும் பன்றிப் படம் போட்டிருந்தான். கிதே மறுபடி எழுதியிருந்தான்: அப்படியானால் எந்திரம்தான் பொய் சொல்கிறது. பழைய எந்திரம், தப்புக் கணக்குக் காட்டும். முடிவு ரத்து.

"பொம்பளைய எடை மிஷின்ல ஏத்திப் பாத்தாங்க அண்ணே," என்றாள். அப்போதுதான் முதன்முதலில் அண்ணே என்றாள். "ஏறினேன். ஏறினப்புறமும் நான் பொய்க்காரி."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சத்தம். ஒவ்வொரு நிமிஷத்தையும் சபித்தபடி கேட்டவன் நான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை, வெறும் எண் விளையாட்டு என்று எவனோ ஒருவன் சொல்கிறான். அப்படியானால் நான் எதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்?

கீழே போய் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

கிதேவுக்கு நிலம், வீடு விற்றுக்கொடுக்கும் அலுவலகம். மறுநாள் என் ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு போனேன். கண்ணாடிக் கதவு, தோல் சோபா, சுவரில் அவன் சைக்கிளோடு நிற்கும் பெரிய படம். வீடு பார்க்க வந்தவன் என்று நினைத்துக் காபி கொடுத்தான். நோட்டை மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன பெரியவரே?"

"கூ சோனாவுக்குக் கீழ்வீடு நான். நவம்பர்லேருந்து அந்தப் பொண்ணு எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பிச்சா, எப்ப நிறுத்தினா, எல்லாம் இதுல இருக்கு. அவமேல புகார் குடுக்க எழுதினது. சிநேகிதத்துல எழுதல. அறுபத்தோரு நாள். எண்ணிப் பாருங்க."

அவன் இரண்டு பக்கம் புரட்டினான். சிரித்தான்.

"சத்தம் வந்தா வேகம்னு அர்த்தமா? துணி தோய்க்கிற மிஷின்கூடத்தான் சத்தம் போடும். அது மலை ஏறுமா?"

"நாலு நிமிஷத்துல தெணறினவ இருபது நிமிஷம் மிதிக்கறா. காது இருக்கறவனுக்குப் புரியும்."

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? பஸ்ஸப் பத்தி ஏதாவதுன்னா நான் உங்களக் கேக்கறேன்." நோட்டைத் தள்ளிவிட்டான். "வீட்டுக்குள்ள உக்காந்து மிதிக்கறது வேற, மலை வேற. ஏப்ரல்ல பனி கரைஞ்சதும் நுரும் கணவாய்ல நேரம் வெச்சு ஓட்டுவோம். அங்க வந்து காட்டச் சொல்லுங்க. வருவாளான்னு பாப்போம்."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கண்ணாடிக் கதவை அறைந்து சாத்தப் பார்த்தேன். அது தானாக மூடும் கதவு, எவ்வளவு தள்ளினாலும் மெதுவாகத்தான் மூடியது. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

சோனாவிடம் சொன்னபோது என்மேல் எரிந்து விழுந்தாள். "உங்கள யாரு போகச் சொன்னா? நான் கெஞ்ச ஆள் அனுப்பினேன்னு நெனப்பான்." இரண்டு வாரம் பேசவில்லை. எந்திரம் மட்டும் நேரம் தவறாமல் ஓடியது. மார்ச்சில் இருபது நிமிஷம் நாற்பது நிமிஷமாயிற்று. நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. என் வண்டி ஒன்பது இருபதுக்கு நுரும் அடிவாரத்திலிருந்து கிளம்பும். அவர்கள் சரியாக ஒன்பதுக்குக் கிளம்பியிருந்தார்கள் என்று நிறுத்தத்தில் இருந்த கடைக்காரன் சொன்னான். பதினான்கு பேர்.

"அந்த ஒரு பொண்ணு எப்படிப் போச்சு?"

"கடைசியா. மத்தவங்க வில்லுலேருந்து விட்ட மாதிரி போனாங்க. அது பாட்டுக்கு மெதுவா மிதிச்சுக்கிட்டுப் போச்சு."

பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போகும் பெண்கள், கால் வைக்க இடமில்லாமல் வெங்காயத்தாள் கட்டுகள்.

நான்காவது கிலோமீட்டரில் முதல் இருவரைப் பிடித்தேன். தலை தொங்கிப்போய் வண்டியை அசைத்து அசைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் மேலே இன்னும் மூவர். அவள் இல்லை. ஆறாவது கிலோமீட்டர் தாண்டி, விலை உயர்ந்த வெள்ளைச் சைக்கிளில் கிதே. வாய் பிளந்திருந்தது. எழுந்து நின்று மிதிப்பான், உட்கார்வான், மறுபடி எழுவான். ஹாரனில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். அவள் இன்னும் முன்னால் இருக்க வேண்டும்.

எட்டாவது கிலோமீட்டரில், அக்டோபரில் அவள் இறங்கித் தள்ளிய அதே செங்குத்தில், அவளைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை. தோள் அசையவில்லை. கால் மட்டும் சுற்றியது, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரே சீராக. அடிவாரத்தில் அவள் பின்தங்கவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து வெடிக்காமல் தன் கணக்கில் ஏறியிருக்கிறாள். இருபது நிமிஷத்தில் மற்றவர்கள் கரைந்துபோக, நாற்பது நிமிஷம் பழகிய கால் அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தச் சுருதி எனக்குத் தெரியும்.

அவளைத் தாண்டும்போது முழு எதிர்ப்பக்கத்துக்கும் வண்டியை ஒடித்து இடம் விட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் என் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். மூன்று ஆண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். கிளப் செயலாளர் கையில் கடிகாரத்தோடு நின்றான். ஒன்பது முப்பத்தொன்பதுக்குச் சோனா கோட்டைத் தாண்டினாள். நான்காவது. முப்பத்தொன்பது நிமிஷம். போன அக்டோபரில் ஒரு மணி ஐந்து நிமிஷம். செயலாளர் எண்ணை இரண்டு முறை பார்த்தான். பிறகு எழுதிக்கொண்டான். ஆறு நிமிஷம் கழித்துக் கிதே வந்தான். வந்தவன் யாரையும் பார்க்கவில்லை, குனிந்து ஷூவைச் சரி செய்தான். வெகுநேரம் சரி செய்தான்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

மதியச் சாப்பாடு மலைக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் ஒரு கடையில். வந்து சேர்ந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். முதலில் கிளம்பியவர்களில் சோனாவும் ஒருத்தி. என் வண்டி பின்னாலேயே கிளம்பியது. மூன்றாவது வளைவைத் திரும்பினேன். அவள் ரோட்டோரம் கிடந்தாள்.

குளிர்காலத்தில் பனிக்காகத் தூவிய மணல் வளைவின் ஓரத்தில் அப்படியே குவிந்திருந்தது. முன்சக்கரம் அதில் வழுக்கியிருக்கிறது. ஐந்து மாதம் தரையோடு பூட்டிய சைக்கிளில் ஓட்டியவள். அதில் வளைவும் இல்லை, மணலும் இல்லை, பிரேக்கும் வேண்டியதில்லை. முழங்கையிலும் தொடையிலும் தோல் உரிந்து ரத்தம்.

பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி விளக்குகளைப் போட்டேன். முதலுதவிப் பெட்டியோடு இறங்கினேன். அதற்குள் பின்னால் வந்த கிதேயும் நான்கைந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றான் கிதே. ஆறு நிமிஷத்துக்கு முன் தொலைத்த குரல் திரும்பி வந்திருந்தது. "இதத்தான் சொன்னேன். வீட்டுக்குள்ள ஓட்டினா காலு வரும், கையும் கண்ணும் வராது. இந்த அக்காவ அணியில சேத்தா எட்டுப் பேரையும் சேத்து விழவெப்பாங்க. இடம் கெடையாது."

அதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை இன்னும் எரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சோனா எழுந்து நின்றாள். ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"எறங்கத் தெரியல. ஒத்துக்கறேன்," என்றாள். "மறந்துபோச்சு, இனிமே கத்துக்கறேன். ஆனா நீங்க அன்னைக்கு சொன்னது அது இல்ல. நான் பொய் சொன்னேன்னு சொன்னீங்க. எடை மிஷின்ல ஏறச் சொன்னீங்க. இன்னைக்கு மேல எத்தன நிமிஷம்னு உங்க ஆளே எழுதியிருக்காரு. பொய் இல்லன்னு இப்ப இங்க சொல்லுங்க."

"அது முடிஞ்சுபோன விஷயம்க்கா. மொதல்ல காயத்தப் பாருங்க."

"காயம் என்னுது. நான் பாத்துக்கறேன். சொல்லுங்க."

"ரோட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சு? பஸ் நிக்குது பாருங்க. பெரியவரே, வண்டிய எடுங்க."

"எடுக்கமாட்டேன்," என்றேன்.

பஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்சீட்டுப் பெண் வெங்காயத்தாள் கட்டோடு தலையை நீட்டினாள். "யோவ் டிரைவர், என்னய்யா நடக்குது?"

"இந்தப் பொண்ண பொய்க்காரின்னு சொன்னாரு இவரு. பொய் இல்லன்னு ஆகிப்போச்சு. வாயத் தெறக்க மாட்டேங்கறாரு."

"அட, சொல்லித் தொலைய வேண்டியதுதானேப்பா! சந்தையில எடம் போயிரும்!"

"வாய்ல என்ன அரிசி கேக்கா வெச்சிருக்க?" என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி. பஸ் முழுக்கச் சிரித்தது. கிதேயோடு நின்றவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பன்றிப் படம் போட்டவன் அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கிதேயின் கழுத்து சிவந்தது. "சரி. பொய் இல்ல."

"கேக்கல," என்றாள் சோனா.

"பொய் இல்லன்னேன்! நான் தப்பா சொல்லிட்டேன்! போதுமா?"

"குழுவுலயும் எழுதுங்க. அங்கதான சொன்னீங்க."

அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிக்கொண்டான். நான் கட்டுப் போடும்வரை சோனா நின்றாள். பஸ்ஸில் ஏறச் சொன்னேன். மறுத்துவிட்டாள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நடக்கிற வேகத்தில், தன்னந்தனியாக இறங்கிப் போனாள். நூடுல்ஸ் கடையில் அவள் நிற்கவில்லை.

என் வண்டி எட்டு நிமிஷம் தாமதம். டெப்போவில் எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். காரணம் எழுதும் இடத்தில் "சாலையில் தடை" என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

கிதே அன்று மாலையே குழுவில் ஒரு வரி எழுதினான். மறுநாள் செயலாளர் போன் செய்து, அணியில் இடம் உண்டு, வாருங்கள் என்றான். சோனா குழுவிலிருந்து விலகிவிட்டாள். மலைப்பந்தயத்துக்குத் தன் பெயரில் தனியாகப் பதிவு செய்துகொண்டாள். ஏப்ரலும் மேயும் வேலை முடிந்து வந்ததும், நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் உள்ள சின்னக் குன்றில் ஏறி ஏறி இறங்கினாள். ஏறுவதற்காக இல்லை, இறங்குவதற்காக. இரண்டு முறை மறுபடி விழுந்தாள்.

ஜூன் பந்தயத்தன்று எனக்கு வேலை, போக முடியவில்லை. மறுநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுன்ஹீ தர்பூசணி நறுக்கி வைத்தாள். நூற்று இருபது கிலோமீட்டர், நான்கு மலை, ஐந்து மணி இருபது நிமிஷம். கிளப் அணி அவளுக்குப் பதினேழு நிமிஷம் பின்னால்.

"அப்புறம் என்ன, கோவம் தீந்துச்சா?" என்றாள் சுன்ஹீ.

"எங்க தீந்துச்சு?" சோனா தர்பூசணி விதையைத் தட்டில் துப்பினாள். "எறக்கத்துல முப்பத்தாறு பேரு என்னத் தாண்டிப் போனாங்கக்கா. ஒவ்வொருத்தனையும் எண்ணிக்கிட்டே வந்தேன். ஏத்தத்துல திருப்பிப் பிடிச்சேன், இருபத்தஞ்சு பேரு. பதினோரு பேரு தப்பிச்சுட்டானுங்க. பதினோரு பேரு!"

மேசையை அறைந்தாள். தட்டு குலுங்கியது. நான் அவளுக்கு இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன்.